விந்தணு கவுண்ட் குறைவுக்கு ஹார்மோன் காரணமானால்: ஆண்களுக்கான வழிகாட்டி

திருமணமாகி ஓராண்டு கடந்ததும் "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி பெண்ணிடம்தான் முதலில் போகிறது. கருப்பை ஸ்கேன், குழாய் அடைப்புப் பரிசோதனை, மாதாமாதம் மாத்திரை என்று அவள் ஒரு சுற்றை முடித்த பிறகுதான், கணவனின் விந்துப் பரிசோதனை என்ற பேச்சே பல வீடுகளில் எழுகிறது. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்திலும் ஒரு காரணம் இருப்பதால், இருவரும் ஒரே வாரத்தில் பரிசோதனைக்குப் போவதுதான் முறை.

ஆணின் பக்கத்துக் காரணங்களில் ஹார்மோன் குறைவுக்குச் சிறு பங்குதான். மூளையிலிருந்து வர வேண்டிய கட்டளை ஹார்மோன்கள் வராததால் மட்டுமே விந்தணு உற்பத்தி நின்றுபோனவர்கள், இந்தப் பிரச்சினைக்காக மருத்துவரிடம் வரும் ஆண்களில் நூற்றுக்கு ஓரிருவர் என்ற அளவில்தான் இருப்பார்கள். இருந்தும் இதைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. ஆண் குழந்தையின்மையில் மருந்தாலேயே மூலக் காரணத்தைச் சரிசெய்யக்கூடிய வகைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றுள் நல்ல பலன் தருவது இந்த வகை. தவறான மருந்தால் காரியம் கெடுவதும் இதில்தான் அதிகம்.

எதையும் தொடங்கும் முன்: டெஸ்டோஸ்டிரோன் ஊசி வேண்டாம்

இரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று வந்தால், அதையே ஊசியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றுவது இயல்பு. தைராய்டு குறைந்தால் தைராய்டு மாத்திரை, இன்சுலின் குறைந்தால் இன்சுலின் என்று பழகிய நமக்கு, இதுவும் அப்படித்தான் என்று தோன்றும். குழந்தை வேண்டும் என்பவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், "உடம்பில் போதுமான அளவு இருக்கிறது" என்று மூளை எடுத்துக்கொண்டு, விரைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு உருவாக, விரைக்குள்ளே டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல பத்து மடங்கு செறிவாக இருக்க வேண்டும். கட்டளை நின்றதும் அந்தச் செறிவு விழுந்துவிடும். ஊசி போட்டவருக்குத் தாடி வளரும், உற்சாகம் கூடும், இரத்தப் பரிசோதனைத் தாளும் அழகாக இருக்கும். விந்தணு மட்டும் இருக்காது.

உலக சுகாதார நிறுவனத்தின் பணிக்குழு ஒன்று இதையே ஆண்களுக்கான கருத்தடை முறையாகச் சோதித்துப் பார்த்து 1990இல் முடிவை வெளியிட்டது. ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரத்துக்கு 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டபோது, பெரும்பாலானோருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. கருத்தடைக்குச் சோதித்த மருந்தைக் குழந்தை வேண்டும் என்பவருக்கு எழுதிக்கொடுப்பது இன்றும் ஆங்காங்கே நடக்கிறது என்பது வருத்தத்துக்குரியது. ஜிம்மில் பயிற்சியாளர் கொடுக்கும் "சைக்கிள்" ஊசிகளும் மாத்திரைகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. என்ன மருந்து என்று பெயர் தெரியாவிட்டாலும், போட்டுக்கொண்டது உண்டு என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மனைவி பக்கத்தில் இருக்கும்போது சொல்லத் தயங்கினால், தனியாகப் பேச ஐந்து நிமிடம் கேளுங்கள்.

கட்டளை எங்கிருந்து எங்கே போகிறது

பரிசோதனைத் தாளை நீங்களே ஓரளவு படிக்க இதைத் தெரிந்துகொண்டால் போதும். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனைச் சிறு துடிப்பாக வெளியிடுகிறது. அதற்குச் சற்றுக் கீழே தொங்கும் பட்டாணி அளவுப் பிட்யூட்டரி சுரப்பி, அந்தத் துடிப்பைப் பெற்று எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் விடுகிறது. எல்எச் விரையிலுள்ள லைடிக் செல்களை டெஸ்டோஸ்டிரோன் சுரக்க வைக்கிறது. எஃப்எஸ்எச் செர்டோலி செல்களைத் தூண்டி விந்தணுக்களை வளர்க்க வைக்கிறது. வேலை நடந்தால் விரையிலிருந்து "போதும்" என்ற செய்தி மேலே போய்க் கட்டளையின் வேகம் குறைகிறது. வேலை நடக்காவிட்டால் கட்டளை உரத்துக் கூடுகிறது.

ஆகவே கோளாறு இரண்டு இடங்களில் இருக்கலாம். விரை பழுதாகியிருந்தால் எல்எச்சும் எஃப்எஸ்எச்சும் ஏறியிருக்கும். மேலிருந்து கட்டளையே வரவில்லை என்றால் அவை தாழ்ந்திருக்கும். விரை வேலை செய்யத் தயாராக இருந்தும் சும்மா இருக்கும். மருந்துக்கு நன்றாக மசிவது இந்த இரண்டாவது வகை. மேலா, கீழா என்று தெரிந்துகொள்ளாமல் எந்த மாத்திரையையும் தொடங்கக் கூடாது.

முதல் படி: விந்துப் பரிசோதனையை ஒழுங்காகச் செய்வது

இரண்டு முதல் ஏழு நாள் வரை விந்து வெளியேறாமல் இருந்து, பரிசோதனைக் கூடத்திலேயே மாதிரி கொடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால், கூடம் கொடுத்த டப்பாவில் எடுத்து, உடம்புச் சூட்டிலேயே, சட்டைக்குள் வைத்துக்கூட, ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். முதல் சில சொட்டுகள் தவறிப்போனால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். அந்தச் சொட்டுகளில்தான் விந்தணு செறிவாக இருக்கும். கடந்த மூன்று மாதத்துக்குள் டெங்கு, சிக்குன்குனியா போன்ற கடுமையான காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காய்ச்சலே எண்ணிக்கையைத் தற்காலிகமாகக் குறைத்துவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி கீழ் வரம்புகள் இவை: அளவு 1.4 மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி, அதாவது தாளில் 16 மில்லியன் என்று அச்சாகும் விந்தணு, மொத்தம் 3.9 கோடி, அசைவன 42 சதவீதம், நல்ல வடிவம் கொண்டவை 4 சதவீதம். நல்ல வடிவம் நான்கு சதவீதம்தான் என்று பார்த்துப் பதறுபவர்கள் பலர், வரம்பே அவ்வளவுதான். இந்த எண்களுக்குக் கீழே இருந்தால் குழந்தை பிறக்காது என்றும் பொருளில்லை. இவை, ஓராண்டுக்குள் தந்தையான ஆண்களின் மாதிரிகளை அளந்து, அவர்களில் கடைசி ஐந்து சதவீதத்தினர் நின்ற இடத்தில் போட்ட கோடுகள். ஒரு தாளை நம்பி முடிவெடுக்காமல், சில வாரங்கள் கழித்து இரண்டாவது மாதிரியும் கொடுங்கள். "நில்", அதாவது விந்தணுவே இல்லை என்று வந்தால், மாதிரியைச் சுழற்றி அடியில் தங்கியதையும் பார்த்தார்களா என்று கேளுங்கள்; அங்கே இரண்டு மூன்று விந்தணு தென்பட்டால்கூடச் சிகிச்சையின் திசை மாறும்.

இரண்டாம் படி: மருத்துவர் கேட்கும் முன்பே எழுதிவைக்க வேண்டியவை

யாரிடம் போவது என்ற குழப்பம் எல்லோருக்கும் உண்டு. ஆண்களின் இனப்பெருக்கப் பிரச்சினைகளைப் பார்க்கும் ஆண்ட்ராலஜிஸ்ட் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் சிறுநீரகவியல் மருத்துவரான யூராலஜிஸ்ட் ஒருவரும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரான எண்டோகிரைனாலஜிஸ்ட் ஒருவரும் சேர்ந்து பார்ப்பது சரியாக வரும். நாளிதழின் ஓரத்தில் "இளமையில் செய்த தவறுகள்" என்று விளம்பரம் போட்டு, மாதம் ஒரு நாள் லாட்ஜில் அறை எடுத்துத் தங்கும் வைத்தியரிடம் போய்ப் பணத்தைத் தொலைத்தவர்களின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. அதைவிட அங்கே போன மாதங்கள்தான் பெரிய இழப்பு.

மருத்துவரிடம் போகும் முன் ஒரு தாளில் சில விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள். மீசை தாடி எந்த வயதில் வந்தது, குரல் எப்போது உடைந்தது, வாரத்துக்கு எத்தனை முறை சவரம் செய்கிறீர்கள், காலையில் விறைப்பு உண்டா, சிறுவயதில் விரை இறங்காமல் அறுவைச் சிகிச்சை நடந்ததா, வயதுக்கு வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விரை வீங்கியதா, தலையில் அடிபட்டதா, அடிக்கடி தலைவலி உண்டா, ஓரப் பார்வை மங்குகிறதா என்பவை முதல் வரிசை. இவற்றோடு ஒரு விசித்திரமான கேள்வியும் உண்டு: உங்களுக்கு வாசனை தெரிகிறதா? மல்லிகைப் பூவும் காபித் தூளும் தாளிப்பும் ஒன்றுபோல் இருப்பவருக்கு, பருவ வளர்ச்சியும் தாமதமாகியிருந்தால், கால்மன் நோய்க்குறி என்ற பிறவிக் கோளாறு இருக்கக்கூடும். கருவில் ஜிஎன்ஆர்எச் செல்கள் மூக்குப் பகுதியில் தோன்றி, வாசனை நரம்புகளின் வழியேதான் மூளைக்குப் போகின்றன. அந்தப் பயணம் தடைப்பட்டால் வாசனை, பருவம் இரண்டும் சேர்ந்து பாதிக்கப்படும். பிறந்ததிலிருந்தே வாசனை தெரியாதவருக்குத் தனக்கு ஒன்று குறைகிறது என்பதே தெரிந்திருக்காது; வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது மாத்திரைப் பட்டியல். இதில் பெரும்பாலானோர் விட்டுவிடுவது "கேஸ் மாத்திரை". நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கும் பல கேப்சூல்களில், அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு டோம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ சேர்ந்திருக்கும். இவை இரண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றிவிடும். புரோலாக்டின் ஏறினால் ஜிஎன்ஆர்எச் துடிப்பு அடங்கும். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று என்று ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர், அதை மருந்தாகவே கருதாமல் பட்டியலில் சேர்க்காமல் விடுவார். அட்டையின் பின்பக்கம் இருக்கும் சிறிய எழுத்தைப் படியுங்கள். முடியாவிட்டால் அட்டையையே எடுத்துப் போங்கள். மனநோய்க்கான ரிஸ்பெரிடோன், நீண்டகாலமாகச் சாப்பிடும் டிரமடால் போன்ற வலி மருந்துகள், மூச்சுத்திணறலுக்கோ மூட்டுவலிக்கோ நெடுநாள் எடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகள் ஆகியவையும் கட்டளையைக் குறைக்கும். இவற்றை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

உடல் பரிசோதனையில் மருத்துவர் ஒரு மணிமாலையைக் கையில் எடுத்தால் திகைக்க வேண்டாம். ஒன்று முதல் இருபத்தைந்து மில்லிலிட்டர் வரை அளவுள்ள நீள்வட்ட மணிகள் கோத்த அந்த மாலையை விரையோடு ஒப்பிட்டுத்தான் விரையின் அளவைச் சொல்கிறார்கள். வளர்ந்த ஆணுக்குப் பதினைந்துக்கு மேல் இருக்கும். நான்குக்குக் கீழே என்றால் பருவமே தொடங்கவில்லை என்று பொருள். சிகிச்சை எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை முன்கூட்டி ஊகிக்க இந்த ஓர் அளவு மிகவும் உதவும் என்பதால், அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: இரத்தம் கொடுக்கும் காலை

டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்திலும் மாலையில் தாழ்வாகவும் இருக்கும், சாப்பிட்டாலும் குறையும். எனவே காலை ஏழு மணி முதல் பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், முந்தின இரவு நன்றாகத் தூங்கிய பிறகு இரத்தம் கொடுக்க வேண்டும். இரவுப் பணி முடித்து நேராகப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. குறைவாக வந்தால் வேறொரு நாள் காலையில் மறுபடியும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். முடி உதிர்வுக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் சில நாட்களுக்கு முன்பே அதை நிறுத்துவது பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். அது உடம்பைப் பாதிக்காவிட்டாலும், பல இயந்திரங்களின் அளவு முறையைக் குழப்பி எல்எச்சைக் குறைவாகவும் டெஸ்டோஸ்டிரோனைக் கூடுதலாகவும் காட்டிவிடும்.

டெஸ்டோஸ்டிரோனோடு எல்எச், எஃப்எஸ்எச், புரோலாக்டின், தைராய்டைக் காட்டும் டிஎஸ்எச் ஆகியவற்றையும் ஒரே நாளில் எடுக்கச் சொல்லுங்கள். செலவைக் குறைக்க டெஸ்டோஸ்டிரோன் மட்டும் பார்த்தால் அது பாதி வாக்கியம். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு, டெஸ்டோஸ்டிரோனைச் சுமந்து செல்லும் எஸ்எச்பிஜி என்ற புரதம் குறைவதால் மொத்த அளவு தாழ்வாகத் தெரியும். அவர்களுக்கு அந்தப் புரதத்தையும் பார்க்க வேண்டியிருக்கும்.

நான்காம் படி: தாளைப் படிப்பது

விளக்கத்துக்காக இரண்டு தாள்களை வைத்துக்கொள்வோம். முதல் தாளில் டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 230 நானோகிராம், எல்எச் 18, எஃப்எஸ்எச் 32. இரண்டாவது தாளில் டெஸ்டோஸ்டிரோன் 120, எல்எச் 1.9, எஃப்எஸ்எச் 2.2. டெஸ்டோஸ்டிரோன் 300க்குக் கீழே இருந்தால் குறைவு என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு, ஆகவே இரண்டு பேருக்கும் அது குறைவுதான். முதல் தாளில் மூன்று எண்களும் தடித்த எழுத்தில் இருக்கும். பார்த்தவுடன் பயமாக இருக்கும். இரண்டாவது தாளில் டெஸ்டோஸ்டிரோன் மட்டும் தடித்திருக்கும். எல்எச்சும் எஃப்எஸ்எச்சும் ஓரத்தில் அச்சிட்ட எல்லைக்குள் அடக்கமாக இருக்கும். "மற்றதெல்லாம் நார்மல்" என்று சொல்லி அந்தத் தாளை மடித்துவைத்து விடுவார்கள்.

ஏமாறும் இடம் இதுதான். டெஸ்டோஸ்டிரோன் 120க்கு விழுந்த உடம்பில் எல்எச் இருபதுக்கு மேல் ஏறியிருக்க வேண்டும், 1.9 என்பது அங்கே நார்மல் அல்ல, மௌனம். பரிசோதனைக் கூடத்தின் கணினி ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாக எல்லையோடு ஒப்பிடுகிறதே ஒழிய, ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. இரண்டாவது தாளுக்குரியவர்தான் மேலிருந்து கட்டளை வராதவர். மருந்தால் தந்தையாகும் வாய்ப்பு அவருக்குத்தான் நிறைய உண்டு.

முதல் தாளுக்குரியவருக்கு விரை பழுது. கிளைன்ஃபெல்டர் நோய்க்குறி என்ற கூடுதல் எக்ஸ் குரோமோசோம், பழைய பொன்னுக்கு வீங்கி, புற்றுநோய் மருந்துகள், விரை இறங்காமை எனக் காரணங்கள் பல. கட்டளை ஏற்கெனவே உச்சத்தில் இருப்பதால், மேலும் ஹார்மோன் ஊசி போடுவது ஓடாத மாட்டை இன்னும் அடிப்பதற்குச் சமம். அவர் குரோமோசோம் பரிசோதனையும், ஒய் குரோமோசோமில் துண்டு விடுபட்டிருக்கிறதா என்ற பரிசோதனையும் முடித்து, நுண்ணோக்கியின் கீழ் விரையிலிருந்தே விந்தணு தேடும் மைக்ரோ டீசி அறுவைச் சிகிச்சை, அதில் கிடைத்தால் ஒரு விந்தணுவை நேராகக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி என்ற வழியில் போக வேண்டும். டெஸ்டோஸ்டிரோனும் எல்எச்சும் சரியாக இருந்து எண்ணிக்கை மட்டும் குறைந்தவருக்கும் இந்தக் கட்டுரையின் மருந்துகள் உரியவை அல்ல. அவருக்கு வெரிகோசீல் என்ற விரைப்பை நரம்புப் புடைப்பு, விந்துக் குழாய் அடைப்பு போன்றவற்றைத் தேட வேண்டும்.

ஐந்தாம் படி: கட்டளை ஏன் வரவில்லை என்று கண்டுபிடிப்பது

இங்கே அவசரப்பட்டு ஹார்மோன் ஊசியைத் தொடங்குவது தவறு. புரோலாக்டின் ஏறியிருந்தாலோ, டெஸ்டோஸ்டிரோன் மிகவும் தாழ்ந்திருந்தாலோ, தலைவலியும் பார்வைக் குறைவும் இருந்தாலோ, பிட்யூட்டரி சுரப்பிக்கு எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். கட்டி என்ற சொல்லைக் கேட்டவுடன் புற்றுநோய் என்று நினைக்க வேண்டாம். இங்கே வருபவை பெரும்பாலும் பரவாத கட்டிகள். பிட்யூட்டரியின் மற்ற வேலைகளான தைராய்டு, கார்டிசால் ஆகியவற்றையும் பார்த்து, குறைவாக இருந்தால் அவற்றை முதலில் சரிசெய்வார்கள். தலசீமியா போன்ற நோய்களுக்காக அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு இரும்புச் சத்து பிட்யூட்டரியில் படிந்து அதைக் கெடுக்கும் என்பதால், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்ப்பார்கள்.

புரோலாக்டின் சற்றே ஏறியிருந்தால், ஊசிப் பயமும் மன அழுத்தமும்கூட அதை ஏற்றும் என்பதால், ஓய்வாக உட்கார்ந்திருந்து மறுபடி எடுப்பது வழக்கம். உண்மையிலேயே புரோலாக்டின் சுரக்கும் கட்டி என்றால் கேபர்கோலின் மாத்திரை நன்றாக வேலை செய்யும். வாரம் இரண்டு முறை, கால் அல்லது அரை மில்லிகிராம் என்று குறைந்த அளவில் தொடங்குவார்கள். குமட்டல் வரும் என்பதால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துக்கொள்வது நல்லது. பலருக்குப் பார்வையை அழுத்தும் பெரிய கட்டிகூட அறுவைச் சிகிச்சை இல்லாமலே சுருங்கிவிடும். இந்த மாத்திரை சிலருக்குக் கட்டுக்கடங்காத ஆசைகளைத் தூண்டும். இதுவரை தொடாதவர் திடீரென ஆன்லைன் ரம்மியில் பணத்தை விடத் தொடங்கினால் மாத்திரையையும் சந்தேகிக்க வேண்டும் என்பதை வீட்டாரிடம் சொல்லிவையுங்கள்.

உடல் பருமன் காரணமாகக் கட்டளை தாழ்ந்தவர்கள் எண்ணிக்கையில் அதிகம். கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரடையோல் என்ற பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. அது மூளைக்குப் போய்க் கட்டளையைக் குறைக்கிறது. எடை கணிசமாகக் குறைந்தால் டெஸ்டோஸ்டிரோன் தானாகவே ஏறும். குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நிற்பவர்கள் அதற்கும் சிகிச்சை பெற வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக் கட்டளையை அணைத்துக்கொண்டவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்தினால் பெரும்பாலும் மீள்வார்கள். கருத்தடை ஆய்வுகளில் டெஸ்டோஸ்டிரோன் பெற்ற ஆரோக்கியமான ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆறு மாதத்திலும், பத்தில் ஒன்பது பேர் ஓராண்டிலும் ஒரு மில்லிலிட்டருக்கு இரண்டு கோடி என்ற எண்ணிக்கையை மறுபடி எட்டினார்கள். ஜிம் மருந்துகளை அளவில்லாமல் கலந்து எடுத்தவர்களுக்கு இதைவிடக் காலம் பிடிக்கும்.

குளோமிஃபீன் மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்களுக்குக் கருமுட்டை வெளிவரக் கொடுக்கும் இந்த மாத்திரையை ஆண்களுக்கும் 25 அல்லது 50 மில்லிகிராம் அளவில் கொடுப்பது பரவலாக இருக்கிறது. மூளை ஈஸ்ட்ரடையோலை உணராதபடி செய்து கட்டளையை ஏற்றுவது இதன் வேலை. பிட்யூட்டரி நன்றாக இருந்து கட்டளை மட்டும் மந்தமாக இருப்பவருக்கு இது பயன்படும். கால்மன் நோய்க்குறி உள்ளவருக்கும் பிட்யூட்டரி அழிந்தவருக்கும் பயன்படாது. எந்த ஹார்மோனையும் பார்க்காமல், "கவுண்ட் கம்மி" என்ற ஒரே காரணத்துக்காகத் துத்தநாகம், ஃபோலிக் அமிலத்தோடு சேர்த்து மூன்று மாதத்துக்கு எழுதிக்கொடுக்கும் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் குழந்தைப் பேற்றைக் கூட்டவில்லை என்று அமெரிக்காவில் 2,370 தம்பதியரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது.

ஆறாம் படி: எச்சிஜி, எஃப்எஸ்எச் ஊசிகள்

பிறவியிலேயே கட்டளை இல்லாதவருக்கும், கட்டியாலோ அறுவைச் சிகிச்சையாலோ பிட்யூட்டரி கெட்டுப்போனவருக்கும் உரிய சிகிச்சை இது: மூளை அனுப்பாத கட்டளையை நாமே ஊசியில் அனுப்புவது. எல்எச்சின் இடத்தில் எச்சிஜி என்ற கர்ப்பகால ஹார்மோனைப் பயன்படுத்துகிறார்கள். அது அதே கதவைத் திறக்கும், எல்எச்சைவிட நெடுநேரம் இரத்தத்தில் தங்கும். வழக்கமான அளவு 1,500 முதல் 2,000 யூனிட், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. முதல் சில மாதங்கள் இது மட்டும் போகும். டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ மருத்துவரின் வேலை. பருவம் வந்த பிறகு நோய் வந்து, விரை நல்ல அளவில் இருப்பவர்களில் சிலருக்கு எச்சிஜி மட்டுமே போதும். மூன்று முதல் ஆறு மாதத்திலும் விந்தணு தென்படாவிட்டால் எஃப்எஸ்எச் ஊசியை 75 முதல் 150 யூனிட் வரை வாரம் மூன்று முறை சேர்ப்பார்கள். சிறிய விரை உள்ளவர்களுக்கு எஃப்எஸ்எச்சை முதலில் கொடுத்துப் பிறகு எச்சிஜியைத் தொடங்கும் மருத்துவர்களும் உண்டு.

திங்கள், புதன், வெள்ளி என்று நாளை நிர்ணயித்துக்கொண்டால் மறக்காது. ஒவ்வொரு முறையும் மருத்துவமனைக்கு அலைய வேண்டியதில்லை. செவிலியர் ஒருமுறை காட்டிக்கொடுத்தால், இன்சுலின் போடுபவர்களைப் போலவே வயிற்றுத் தோலுக்கடியில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். தூளாக வரும் எச்சிஜி குப்பிக்குள் கரைக்கும் திரவத்தைச் சுவரோரமாக மெதுவாக விட்டு, குலுக்காமல், உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கரைக்க வேண்டும். கடையில் 2,000, 5,000, 10,000 யூனிட் என்று வெவ்வேறு குப்பிகள் கிடைப்பதால், உங்களுக்கு எழுதியது எது, எவ்வளவு திரவத்தில் கரைத்து எத்தனை கோடு வரை இழுக்க வேண்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். தவறு நேரும் இடம் இது. தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, தோலை லேசாகப் பிடித்து, ஒருநாள் இடப்பக்கம் மறுநாள் வலப்பக்கம் என்று மாற்றிப் போட வேண்டும். கரைத்த மருந்தைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், உறைநிலை அறையில் வைக்கக் கூடாது. கரைத்த தேதியைக் குப்பியிலேயே எழுதிவையுங்கள். ஊருக்குப் போகும்போது ஐஸ் பொட்டலத்தோடு எடுத்துச் செல்லலாம், ஆனால் குப்பி ஐஸின் மேல் நேராகப் படாமல் ஒரு துண்டில் சுற்றிக்கொள்ளுங்கள்.

முகப்பருவும் மார்பில் வலியோ வீக்கமோ வரலாம். வந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். இரத்தம் கெட்டியாகிறதா என்று ஹெமடோகிரிட் அளவையும் அவ்வப்போது பார்ப்பார்கள்.

ஏழாம் படி: காத்திருக்கும் கணக்கு

அரச மரத்தைச் சுற்றிவந்து உடனே அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதைதான், ஊசி தொடங்கிய மறுமாதமே விந்துப் பரிசோதனைக்கு ஓடுவது. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும்; அது குழாயில் பயணித்து முதிர்ந்து வெளிவர மேலும் இரண்டு வாரம் வரை ஆகும். அதாவது இன்று போடும் ஊசியின் பலனை மூன்று மாதம் கழித்துத்தான் பார்க்க முடியும். அதற்கு முன்பே முகச்சவரம் அடிக்கடி தேவைப்படுவதும், விரையின் அளவு கூடுவதும் மருந்து வேலை செய்வதன் அடையாளங்கள். முதல் விந்தணு தென்படச் சிலருக்கு ஆறு மாதம், பலருக்கு ஓராண்டு ஆகும். மிகச் சிறிய விரையோடு தொடங்கியவர்களுக்கும், விரை இறங்காமல் இருந்தவர்களுக்கும் இரண்டாண்டு வரைகூட ஆகலாம். முழுச் சிகிச்சையும் பெற்றவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கும் மேல் விந்தணு வந்துவிடுகிறது. இடையில் இரண்டு மாதம் பணமில்லை என்று நிறுத்தினால் மறுபடி ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்பதால், ஓராண்டுச் செலவைத் தொடக்கத்திலேயே கேட்டுக் கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

இந்த வகை நோயாளிகளிடம் ஒரு தனித்தன்மை உண்டு. எண்ணிக்கை ஒரு கோடிக்கும் கீழே இருக்கும்போதே இயற்கையாகக் கருத்தரிப்பு நிகழ்வது இவர்களிடம் அடிக்கடி காணப்படுகிறது. ஆகவே 1.6 கோடி வரும் வரை முயற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். ஓரளவு விந்தணு வந்தவுடனே முயலலாம். அப்போதே ஒரு மாதிரியை உறையவைத்துச் சேமிப்பதும் புத்திசாலித்தனம்.

மனைவியின் வயதைக் கணக்கில் சேர்க்காமல் இந்தக் கால அட்டவணையைப் போடக் கூடாது. அவருக்கு இருபத்தாறு என்றால் இரண்டாண்டு காத்திருக்கலாம். முப்பத்தேழு என்றால் சில லட்சம் விந்தணு வந்தவுடனே இக்சிக்குப் போவது பற்றிப் பேசலாம், அதற்கு ஓரிரு விந்தணுக்களே போதும். இந்தியாவில் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இத்தகைய சிகிச்சை பதிவு பெற்ற மையத்தில் மட்டுமே நடக்க வேண்டும். பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 என்று வயது வரம்பும் உண்டு.

கரு தங்கிய பிறகு

கரு தங்கியதும் ஊசியை அன்றே நிறுத்திவிடாமல், முதல் மூன்று மாதம் தாண்டும் வரை தொடரச் சொல்வது வழக்கம். அடுத்த குழந்தை விரைவில் வேண்டும் என்றால் செலவு கூடிய எஃப்எஸ்எச்சை விட்டு எச்சிஜியை மட்டும் தொடரலாம். அது சிறிது காலத்துக்கு விந்தணு உற்பத்தியைத் தாங்கும். குழந்தை போதும் என்று முடிவெடுத்தவருக்கு, முதலில் வேண்டாம் என்று சொன்ன அதே டெஸ்டோஸ்டிரோன் இப்போது சரியான மருந்தாகிறது. எலும்பும் தசையும் மனநிலையும் கெடாமல் இருக்க அது நீண்ட காலம் தேவைப்படும். அதை மாற்றும் நாளுக்கு முன்பு உறையவைத்த மாதிரி பத்திரமாக இருக்கிறதா என்று மையத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறவிக் கோளாறு உள்ளவர்கள், அது பிள்ளைக்கும் வரக்கூடியதா என்று மரபியல் ஆலோசகரிடம் முன்பே பேசியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட தந்தைக்கு மகன் பிறந்தால், விரைகள் பைக்குள் இறங்கியிருக்கின்றனவா என்று குழந்தை மருத்துவர் முதல் பரிசோதனையிலேயே பார்க்க வேண்டும். பதினான்கு வயதிலும் பருவ மாற்றம் தொடங்காவிட்டால் "போகப் போகச் சரியாகும்" என்று விடாமல் எண்டோகிரைனாலஜிஸ்டிடம் அழைத்துப் போக வேண்டும்.